வெளிப்பக்கம் தையல் வைத்த சட்டை

பெண்கள் நிலையத்துத் தையல் வகுப்புப் பிள்ளைகள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, நடுவில் ஒரு கதிரையில் இருத்தி, "மாமி, நீங்க தச்ச காலத்தைப் பத்தி எங்களுக்குக் கொஞ்சம் கதைங்க" என்றார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு நா எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கையில் தந்த தேத்தண்ணீர் ஆறும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை கிடந்தால் பிள்ளைகளே திருத்திக்கொள்ளட்டும்.

அன்றைக்கு என் பையிலிருந்து பூப்போட்ட சட்டை ஒன்றை ஒரு பிள்ளை எடுத்து விரித்துப் பார்த்தாள். "மாமி, உள்பக்கத்த வெளிய வச்சுத் தச்சிருக்கீங்களே! கண் அவ்வளவுக்கு மங்கிப் போச்சா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண் மங்கியது மெய்தான். அதனால்தான் தொழிலை விட்டேன். ஆனால் அந்தச் சட்டையில் பிழை இல்லை. இப்போதும் ஒருத்திக்காக மட்டும் நான் தைக்கிற சட்டை அது. யாருக்கு, ஏன் அப்படி என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதவும் வெட்கம்தான். ஆனாலும் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

சண்டைக் காலத்தில் எங்கள் சனத்தோடு துரத்தப்பட்டு மன்னாரை விட்டு வந்தபோது நான் குமர்ப்பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் கிடந்த வருடங்களை எழுதப்போனால் இது வேறு கதையாகிவிடும். அங்கே இரண்டு மெசினைக் கொண்டுவந்து வைத்துத் தையல் பழக்கினார்கள். நேராகத் தைக்க அங்கே பழகினேன். வெட்டப் பழகியது ஹாஜியானியிடம்.

ஹாஜியானிக்கு ஒரு பெயர் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய் வந்தபின் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கற்பிட்டிக்குப் போகிற ரோட்டில் பெண்களுக்கு மட்டுமான தையல் கடை வைத்திருந்தார். வாசலில் தடித்த சீலை தொங்கும். உள்ளே நாலு மெசின். அவர் சத்தம் போட்டு ஒருநாளும் நான் கேட்டதில்லை. தைத்து முடித்த சட்டையைக் கொடுத்தால் அதன் முகப்பைப் பார்க்கவே மாட்டார். உள்ளே வெளியே புரட்டிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலால் தையல் நெடுகத் தடவிக்கொண்டு போவார். பிறகு அந்தத் தையலைத் தன் முழங்கை உள்மடிப்பில், தோல் மெல்லிசான இடத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். குத்தினால் சட்டை என் மடிக்குத் திரும்பி வரும். ஏன் என்று சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். இருவருக்கும் அது தோதாக இருந்தது.

ஒரு தடவை ஒரு மணப்பெண்ணின் சட்டை திரும்பி வந்தது. கக்கத்தில் குத்துகிறதாம். நான் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"மாமி, இதுல ஒண்டும் இல்ல. அவக்குச் சும்மா கொழுப்பு" என்றேன். என் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்தது அதிசயம்.

ஹாஜியானி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உன்ட விரல் என்ன சொல்லுதெண்டு ஆரு புள்ள கேட்டது? உடுத்தவ குத்துது எண்டா குத்துதுதான். பிரிச்சுத் தை."

பிரித்துத் தைத்தேன். அந்தக் கடையில் எழுதாத சட்டம் அதுதான். சட்டை திரும்பி வந்தால் உடுத்தவளை நம்பவேண்டும்.

கணவன் மௌத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். அந்நிய ஆண் கண்ணில் படாமல், நகை, வாசனை, நிறச்சட்டை எதுவும் இல்லாமல் வீட்டோடு இருக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளை உடுப்பது வழக்கம். அவர்கள் கடைக்கு வர ஏலாது என்பதால் கடை அவர்களிடம் போகவேண்டும். ஹாஜியானி என்னைத்தான் அனுப்புவார். "ஜெஸீமாக்கு வாயில்ல. அழுகிற வீட்டுக்கு அதுதான் நல்லம்" என்பார்.

புது வெள்ளைத் துணியைக் கஞ்சி போகும்வரை ஊறப்போடுவேன். அலசி, நிழலில் உலர்த்தி, சுருங்கவேண்டியதைச் சுருங்கவிட்டுப் பிறகுதான் வெட்டுவேன். அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்சட்டையோடு நிறுத்தி அளவெடுப்பேன். இத்தா இருக்கிறவர்கள் வரவர இளைத்துப் போவார்கள். அதனால் பக்கங்களில் பிடித்துக் குறைக்க இடம் விட்டுத் தைப்பேன். அந்த அறைகளில் எத்தனையோ உடம்பைக் கண்டிருக்கிறேன். சூடுபட்ட தழும்பு, அடிபட்ட தழும்பு எல்லாம் கண்டிருக்கிறேன். வெளியே வந்து ஒரு சொல் சொன்னதில்லை. என்னிடம் இருந்த நாணயம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

சண்டை முடிந்து சில வருடம் போயிருந்தது. எங்கள் சனத்தில் கொஞ்சப் பேர் மன்னாருக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. அந்தக் காலத்தில்தான் ரமீஸாவின் வீட்டுக்குப் போனேன். நுரைச்சோலைக்குப் போகிற பாதையோரம் தென்னந்தோட்டத்துக்குள் அந்த வீடு. உப்பு லொறி ஓட்டின அவள் புருஷன் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். ரமீஸாவுக்கு முப்பது வயது இருக்கும். நாலு வயதில் ஹனா என்று ஒரு பெண்பிள்ளை. புருஷனுடைய தாய் செய்யதும்மாவின் வீட்டில்தான் இத்தா இருந்தாள்.

ரமீஸாவுக்குப் பல வருடமாகக் கரப்பன் இருந்தது. இரண்டு கையிலும், முதுகிலும், கணைக்காலிலும் வெடித்துத் தண்ணி வடியுமாம். பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போய்ப் பூசிப் பூசி, புருஷன் இருக்கும்போதே அது மாறிவிட்டது. நான் அளவெடுக்கும்போது தோல் வழுவழுப்பாக இருந்தது. பழைய இடங்களில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. ஆனால் நாடாவின் நுனி முதுகில் உரசியதும் அவள் துள்ளிப்போய் விலகினாள்.

"ராத்தா, நாடாவ எடுங்க. கடிக்குது."

எடுத்துவிட்டேன். எடுத்தபிறகும் அரிப்பு நிற்கவில்லை. கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்த்தாள். கழற்றி வைத்த சீலையை வாயில் வைத்துக் கடித்தாள். கண்ணில் தண்ணி வந்தது. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டை தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தது. கழுத்து கடிக்கிறதாம். கழுத்துப் பட்டியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தது. இப்போது தோளாம். பிறகு முதுகாம். நான் அதை ஹாஜியானிக்குக் காட்டாமல் துண்டுத் துணிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். என் கைக்கு இழுக்கு என்று பட்டது.

அடுத்த முறை போனபோது செய்யதும்மா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கெட்ட மனுசி இல்லை. மகனைப் பறிகொடுத்துவிட்டு, தெருச்சனத்தின் வாய்க்கும் பயந்துகொண்டிருந்த ஒரு தாய், அவ்வளவுதான்.

"ஜெஸீமா, ஒனக்கு வாயில்லண்டு ஊருக்கே தெரியும். அதுதான் ஒன்னட்டக் கேக்கிறன். இவ ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்டு ஒத்தக்கால்ல நிக்கிறா. என்ட மகன்ட கபுறு மண் இன்னும் காயல்ல. வெளிய போகத்தான் இந்தக் கூத்து எண்டு பக்கத்து வீட்டாள் வேலிக்கு இஞ்சால கேக்கவே கதைக்கிறா. நீ உடம்பப் பாக்கிறவ. அல்லாவுக்காகச் சொல்லு. தோல்ல ஏதும் இரிக்கா?"

நான் கண்டதைச் சொன்னேன். "இல்ல மாமி. தோல் சுத்தமா இருக்கு."

"கட்டி, காயம், பொடிப்பொடியா ஏதும்?"

"ஒண்டுமில்ல."

"அப்ப பொய்தானே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாடா பட்டதும் அவள் துள்ளியதைச் சொல்லியிருக்கலாம். திரும்பித் திரும்பி வந்த சட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கருவாட்டுக் குழம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப்போல் வாயில்லாதவள் ஒருத்தி பேசாமல் நின்றால் ஓம் என்றுதான் எடுப்பார்கள். செய்யதும்மாவும் அப்படித்தான் எடுத்தார்.

குசினிக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சீலைதான். நான் உள்ளே போனபோது ரமீஸா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாருங்க ராத்தா. நல்லாப் பாருங்க. ஒண்டுமில்லதானே?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காரியங்கள் வேறு மாதிரிப் போயின. ஓதிப் பார்க்க ஆளைக் கொண்டுவந்தார்கள். கதவுக்கு வெளியே இருந்து ஓதித் தண்ணி கொடுத்தார்கள். சொறியக்கூடாது என்று இரண்டு கையிலும் புருஷனுடைய காலுறையைப் போட்டு மணிக்கட்டில் கட்டினார்கள். அவளோ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நனைத்த துணியை மேலில் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தாள். உடுப்பு உடுக்கமாட்டேன் என்கிற பெண்ணை ஊர் என்ன சொல்லும்? அதைத்தான் சொன்னது. ஹனாவை மாமியார் தன் அறையில் வைத்துக்கொண்டார். "இத்தா முடிஞ்சதும் அவ நாநா வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். புள்ளயக் குடுக்க மாட்டன். தலை சரியில்லாதவட்ட எப்பிடிக் குடுக்கிற?" என்று என் காதுபடவே சொன்னார். நாநா என்றது ரமீஸாவின் அண்ணனை. ஹனா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். "உம்மா சட்ட போட்டாத்தான் போகலாமாம்" என்று எனக்குச் சொல்லித் தரும்.

ஹாஜியானி பெட்டிக்குள் ஒளித்த சட்டையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்காமல் இருப்பாரா! உள்ளே வெளியே புரட்டினார். பெருவிரலால் தடவினார். முழங்கை மடிப்பில் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார்.

"உன்ட கையில பிழையில்ல" என்றார். "எத்தின தரம் வந்தது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குசினியில் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்ட குத்துது எண்டா நம்புவே. உடம்பு கடிக்குது எண்டா நம்ப மாட்டியா?"

அவர் அன்றைக்கும் சத்தம் போடவில்லை. அந்தக் கேள்வியை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. பிரித்துத் தைக்கிற சட்டத்தை நான் துணிக்கு மட்டும்தான் படித்திருந்தேன்.

மறுநாள் ஹாஜியானி சொல்லாமலே போனேன். ரமீஸா மூலையில் இருந்தாள். கையில் காலுறை கட்டியிருந்தது. அவிழ்த்துவிட்டேன். எனக்குப் பேசத் தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. "எங்கெங்க கடிக்குது, காட்டுங்க" என்றேன், சட்டையில் குத்துகிற இடத்தைக் கேட்கிற மாதிரி.

அவள் காட்டினாள். கறுப்பு விழுந்த இடங்களில் மட்டும் இல்லை. அதைத் தாண்டி, ஒருநாளும் கரப்பன் வராத நல்ல தோலிலும் கடி இருந்தது. சீலை இலேசாகப் பட்டால் கடி, தலைமயிர் விழுந்தால் கடி, காற்றாடி போட்டால் கடி. அவள் தடுமாறி விழப்போனபோது நான் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். ஐயோ, தொட்டுவிட்டேனே என்று கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க ராத்தா" என்றாள். "இப்பிடி இறுக்கிப் புடிச்சாக் கடிக்கல்ல. பூப்போலத் தொட்டாத்தான் உயிர் போகுது."

நடிக்கிறவள் இப்படி ஒரு வித்தியாசத்தை யோசித்துச் சொல்வாளா? எனக்கு வேறு ஒன்றும் விளங்கவில்லை. இது மட்டும் விளங்கியது. உரசுகிறது எதுவும் அந்த உடம்பில் இருக்கக்கூடாது. புதுத்துணியை எத்தனை ஊறப்போட்டாலும் நூலுக்கு ஒரு முரட்டுத்தனம் இருக்கும். வருடக் கணக்காக உடுத்துத் தோய்த்த துணிதான் வேண்டும். அந்த வீட்டில் அப்படி வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மௌத்தான மகனுடைய வெள்ளைச் சாரங்கள். பள்ளிவாசலுக்கு ஸதகாவாக, தருமமாகக் கொடுக்கவென்று செய்யதும்மா மடித்து அலுமாரியில் வைத்திருந்தார்.

குசினி வாசலில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, அவர் திரும்பிப் பார்த்து, "என்னடி, பேய் மாதிரி நிக்கிறாய்?" என்றார். கேட்டேன். ஒருவரிடம் ஒரு பொருளை நான் வாய்திறந்து கேட்டது அதுதான் முதல்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "வாயில்லாதவ வாயத் தொறந்தா இதையா கேப்பே? என்ட மகன்ட உடுப்பையா?"

நான் போகத் திரும்பினேன். அவர் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வந்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது. "ரெண்டு எடு. மத்ததப் பள்ளிக்குக் குடுக்கணும்" என்று என் கையில் திணித்தார்.

அந்தச் சட்டையை நான் தைத்த விதத்தை வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தோளில் தையல் இல்லாமல், முன்னும் பின்னும் ஒரே துண்டாக மடித்து வெட்டினேன். கழுத்துக்குப் பட்டி இல்லை. ஓரத்தை வெளிப்பக்கம் மடித்தேன். கையை அகலமாக விட்டேன். பக்கத் தையல் இரண்டையும் வெளியே கொண்டுவந்து, மடித்து, தட்டையாக அமர்த்தித் தைத்தேன். உள்ளே கையைவிட்டால் ஒரு நூல் நுனியும் தட்டாது. வெளியே பார்த்தால் உடுத்தவள் சட்டையை மாற்றிப் போட்டிருக்கிறாள் என்றுதான் தெரியும். ஹாஜியானி தடவிப் பார்த்தார். இந்தத் தடவை சட்டையைத் தன் முழங்கையில் இழுக்கவில்லை. "அவ போட்டுச் சொல்லட்டும்" என்றார்.

ரமீஸா போட்டாள். கையைத் தூக்கி, இறக்கி, அசையாமல் நின்றாள். "இல்லாமப் போகல்ல ராத்தா. ஆனா இருக்கலாம்" என்றாள். சுவரில் சாய்ந்து இருந்தாள். அவள் சாய்ந்திருந்ததை அந்த வீட்டில் நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டாள் சட்டையைக் கண்டுவிட்டாள். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "பாவம், உடுப்ப உள்ள வெளியத் தெரியாமப் போட்டிருக்கா. முத்திப் போச்சு போல" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். செய்யதும்மா கேட்டுக்கொண்டு நின்றார். நானும்தான். உதவி என்று நான் தைத்துக் கொடுத்ததே அவளைப் பைத்தியம் என்று காட்டுகிற சாட்சியாகிவிட்டது. முதலில் என் வாய். இப்போது என் கை.

அது ஒருபக்கம் நல்லதுக்கும் ஆனது. செய்யதும்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "என்ட மகன்ட சாரம் பைத்தியக்காரச் சட்டையா? பைத்தியமா இல்லையாண்டு டொக்டர் சொல்லட்டும்" என்றார். "ஆனா இத்தாவுல எப்பிடிப் போற?" என்று அதற்கும் பயந்தார். நான் ஹாஜியானியிடம் சொன்னேன். அவர் மௌலவியின் மனைவிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"வருத்தம் எண்டா போறதுதானே. ஏலாதெண்டு ஆரு சொன்னது? எங்களட்ட ஒருத்தரும் கேக்கல்லயே."

ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் அத்தனை நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரமீஸாவின் நாநா வேன் கொண்டுவந்தார். கண்ணாடிக்கு நான் சீலை கட்டினேன். செய்யதும்மாவும் நானும் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். தோல் டொக்டர் சிங்களப் பெண். தமிழைத் தட்டித் தடவிப் பேசினார். கையையும் முதுகையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பஞ்சை நூல் மாதிரித் திரித்தார்.

"கண் மூடுங்கோ. நான் தொடுவன். தொட்டது மட்டும் எண்டா பேசவேணாம். கடி வந்தா 'இப்ப' சொல்லுங்கோ."

கையில் பழைய கறுப்புக்கு வெகு தூரத்திலிருந்து அந்தப் பஞ்சால் மெல்ல மெல்லக் கிட்டத்தில் தொட்டுக்கொண்டு வந்தார். கறுப்புக்கு வர இன்னும் நாலு விரல் இடம் இருக்கும்போதே ரமீஸா "இப்ப" என்றாள். டொக்டர் பேனையால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். வேறு பக்கத்திலிருந்து வந்தார். "இப்ப." இன்னொரு புள்ளி. மேலே இருந்து, கீழே இருந்து, சாய்வாக. பிறகு முதல் பக்கத்திலிருந்தே திரும்பவும் வந்தார். கண்ணை மூடியிருந்தவள் அதே புள்ளியில்தான் "இப்ப" என்றாள். புள்ளிகளைச் சேர்த்து அவர் கோடு இழுத்தபோது, நடுவில் கறுப்பு ஒரு சின்ன இலை மாதிரிக் கிடந்தது. கோடோ முழங்கையைத் தாண்டிப் போயிருந்தது. நான் துணியில் சோக்கால் கோடு போடுகிறவள். அந்தக் கோட்டை நான் கண்ணால் திரும்பத் திரும்ப அளந்தேன்.

டொக்டர் திரும்பி அதே பஞ்சால் செய்யதும்மாவின் கையைத் தொட்டார். "அம்மாவுக்குக் கடிக்குதா?"

"இல்ல" என்றார் செய்யதும்மா.

டொக்டர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். நெடுநாள் கரப்பனும் சொறியுமாகக் கிடந்ததில், தோலுக்குள் ஓடுகிற மெல்லிய நரம்பு நுனிகள் கண்டதுக்கெல்லாம் கூசுகிற மாதிரி ஆகிவிட்டன. அந்தச் செய்தியை வாங்குகிற முதுகுத்தண்டும் மூளையும்கூட அதற்குப் பழகிவிட்டன. தோல் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. அதனால் துணி பட்டாலும் மயிர் பட்டாலும், தொட்டது என்று போகவேண்டிய செய்தி அரிப்பு என்று போகிறது. சொறிந்தால் அந்த நேரம் சுகம், பிறகு நரம்பு இன்னும் கூசும். மனக்கவலையும் நித்திரை இல்லாததும் அதைக் கூட்டும். ஆனால் மனம் உண்டாக்கின பொய் இல்லை. நரம்புக்கு ஒரு குளிசையும், தோல் காயாமல் இருக்கப் பூசுகிற களிம்பும் தந்தார். கடிக்கும்போது சொறியாமல் உள்ளங்கையால் அழுத்தச் சொன்னார். கெதியாக மாறாது, பொறுமை வேணும் என்றும் சொன்னார். சட்டையைக் கண்டுவிட்டு, "இது நல்ல யோசனை. இப்பிடியே உடுத்துங்கோ" என்றார். என்னைப் பார்க்காமல் ரமீஸாவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

கடைசியாகத்தான் கேட்டார். "ஏன் இவ்வளவு நாள் வரல்ல?"

"தோல்ல ஒண்டும் இல்லண்டு சொன்னாங்க" என்றார் செய்யதும்மா.

"ஆர் சொன்னது?"

செய்யதும்மா என் பக்கம் திரும்பினார். ரமீஸா திரும்பவில்லை.

"நான்தான்" என்றேன். அது எனக்கே கேட்டதோ தெரியாது.

டொக்டருக்குக் கேட்டிருக்கிறது. சிரித்தார். "பரவாயில்ல. நீங்க சொன்னது சரிதானே. தோல்ல ஒண்டும் இல்லதான்."

திட்டியிருந்தால் பாரம் இறங்கியிருக்கும். நான் சொன்னது சரி என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கண்டதைத்தான் சொன்னேன். அந்தச் சரியான சொல்லை வைத்துத்தான் ஒரு தாயின் கையைக் கட்டினார்கள், பிள்ளையைப் பிரித்தார்கள். வரும்போது வேனில் செய்யதும்மா ரமீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்தார். நான் சீலை விலகாமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இத்தா முடிந்த அன்று என்னையும் கூப்பிட்டார்கள். கடி கொஞ்சம் அடங்கியிருந்தது, போகவில்லை. அவள் நாநா வேனோடு வந்திருந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு போவதா, பிள்ளை யாரோடு என்று இன்னும் முடிவாகவில்லை. ரமீஸா குளித்துவிட்டு, பழைய சீத்தைத் துணியில் நான் தைத்த பூப்போட்ட சட்டையோடு, தையல் எல்லாம் வெளியே தெரிய, வாசலில் வந்து இருந்தாள். பக்கத்து வீட்டாள் பார்த்தாள். செய்யதும்மா அவளுக்குக் கேட்க, "டொக்டர் உடுக்கச் சொன்ன சட்ட" என்றார். பிறகு ஹனாவை முன்னால் தள்ளி, "போ, உம்மாட்டப் போ" என்றார்.

பிள்ளை போய்ப் பக்கத்தில் நின்றது. உம்மாவைத் தொட்டால் உம்மா அழும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு விரலை நீட்டி அவள் கையில் வைக்கப் பார்த்தது.

"அப்பிடித் தொடாத மக" என்றாள் ரமீஸா. பிள்ளை விரலை இழுத்துக்கொண்டது. முகம் கோணியது. "அப்பிடி இல்ல. உம்மாவ இறுக்கிப் புடி. நல்லா இறுக்கி. இன்னும் இறுக்கு."

ஹனா பாய்ந்து கட்டிப்பிடித்தது. மூச்சுத் திணற இறுக்கியது. ரமீஸா அசையாமல் இருந்தாள். நாநா வெறும் வேனைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஹாஜியானி மௌத்தாகி, கடையும் இல்லை. இப்போது தைத்த அபாயா அங்கிகளே பையில் போட்டு வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ரமீஸாவுக்குக் கடி வரும், போகும். துணி வாங்கினால் பல தடவை தோய்த்து மெதுவாக்கி என்னிடம்தான் கொடுத்தனுப்புவாள். குசினியில் நான் சொன்ன சொல்லைப் பற்றி இந்நாள்வரை ஒரு பேச்சு எடுத்ததில்லை. எடுத்தால் நல்லது என்று நினைப்பேன். அவளைக் கண்டால் நான்தான் நிலத்தைப் பார்ப்பேன்.

வகுப்புப் பிள்ளைகள் சிரித்த அந்தச் சட்டையை வாங்கிப் போக இந்தக் கிழமை ஹனா வந்தாள். வளர்ந்து பெரிய பிள்ளையாகிவிட்டாள். சலாம் சொல்லிவிட்டு, நான் கூசி விலகுவதற்குள் என்னைக் கட்டிப்பிடித்தாள். விலா எலும்பு நோகப் பிடிக்கிறாள். கூட்டாளிப் பிள்ளைகள் அதற்காக அவளைக் கேலி பண்ணுவார்களாம். யாரையும் மெல்லமாகக் கட்டிப்பிடிக்க அவளுக்குத் தெரியாது.